வியாழக்கிழமை ரிப்போர்ட்

சேவுகனுக்கு வேலை தெரியாது. புதன்கிழமை சாயங்காலம், அவரிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் பஞ்சாலைக்கு இதில் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

மலேசியாவில், சிரம்பான் ஊரில் ஒரு தோட்டக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குச் சேவுகன்தான் தலைவர். பத்துத் தோட்டங்களில் வருஷக்கணக்காக எடை போட்ட ரப்பர் பால், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை எல்லாம் ஒரே டேட்டாபேஸில் குவிந்து கிடந்தன. மற்ற தோட்டங்களின் ரிப்போர்ட் தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடும். புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்து ரிப்போர்ட் மட்டும் காலையில் ஆரம்பித்தால் மத்தியானம்தான் வெளியே வரும்.

"அந்த ஒண்ண வேகமாக்கிக் காட்டு. ஒன் வேலைய நிரந்தரமாக்கிடறேன்," என்று டைரக்டர் மெய்யப்பன் பஞ்சாலையிடம் சொல்லியிருந்தார்.

பஞ்சாலை பக்கத்து ஊரான மந்தினிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். தற்காலிக வேலை, இந்த வாரத்தோடு கெடு முடிகிறது. டேட்டாபேஸை வேகமாக்கும் வித்தையைப் பஸ்ஸிலேயே புத்தகம் விரித்துப் படித்தாள். மாசக் கடைசியில் எல்லாத் தோட்டங்களுக்கும் சேர்த்து எடுக்கும் பெரிய ரிப்போர்ட்டில் கை வைத்துப் பழகினாள். நாள் முழுக்க ஓடுகிற அந்தப் பூதம், அவள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்து நின்றது. இனி என்ன பயம்? புக்கிட் பெலண்டோக் ரிப்போர்ட்டின் புரோகிராமைத் திறந்தாள்.

அங்கேதான் அந்த வரி இருந்தது.

தோட்டத்தையும் தேதியையும் வைத்துச் சட்டென்று தேட இன்டெக்ஸ் தயாராக இருந்தது. சேவுகனோ, இன்டெக்ஸைப் பார்க்காதே, எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்துக்கொண்டு வா என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார். ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் முழுக்கக் கதவைத் தட்டுகிற மாதிரி. இவரா தலைவர்!

"சார், இந்த ஒரு வரிய எடுத்துட்டா பறக்கும் சார்."

சேவுகன் திரையைப் பார்க்கவே இல்லை. "அதத் தொடாதம்மா. இருக்கிறபடி இருக்கட்டும்."

"ஏன் சார்?"

"சொன்னாக் கேளு."

தனக்கு வராதது நேற்று வந்த பெண்ணுக்கு வந்துவிட்டால் மானம் போய்விடும், அதுதானே? பஞ்சாலைக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் வீட்டுக்குக் கிளம்பியதும் வரியை எடுத்தாள்.

மறுநாள் காலை, தோட்டத்து வேன் டிரைவர் நல்லசாமி வழக்கம்போல டிஸ்கெட்டோடு வந்தார். அந்த வாரத்து எடை அதில் இருக்கும். அதை ஏற்றி, ரிப்போர்ட் எடுத்து, அவர் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும். சேவுகன் இன்னும் வரவில்லை.

"மத்தியானம் வரேன்லா," என்று திரும்பியவரைப் பஞ்சாலை நிறுத்தினாள்.

"நில்லுங்கண்ணே. இப்பவே தரேன்."

பிரிண்டர் கிறீச்சிட்டு அடித்து முடித்தது. ரிப்போர்ட்டைப் பெருமையாக நீட்டினாள். நல்லசாமி கை நீட்டவில்லை.

"என்னா தங்கச்சி, அதுக்குள்ளயா?"

"இனிமே எல்லா வாரமும் இப்படித்தான். நீங்க காத்துக் கெடக்க வேணாம்."

"காத்துக் கெடக்கத்தான்மா நான் வரேன்." அவர் குரல் இறங்கிவிட்டது. "தோட்டத்து ஆளுங்க மூணு பேர ஆஸ்பத்திரியில எறக்கி விட்டுட்டு வந்திருக்கேன். அதுல ராக்கம்மாவுக்குக் கால்ல சக்கரைப் புண்ணு. வாராவாரம் கட்டு மாத்தணும். இப்பதான் நம்பர் எடுத்து உக்காந்திருப்பாங்க."

"அப்பக் கொஞ்சம் இருந்து கூட்டிக்கிட்டுப் போங்களேன்."

"பேப்பர்லயே நேரம் அச்சாயிருக்கே. எங்க மேனேஜரு மொதல்ல அதத்தான் பாப்பாரு. ஆபீஸ் வேலை முடிஞ்சா வண்டி ஒடனே திரும்பிடணும், சொந்த வேலைக்கு ஓட்டக் கூடாதுன்னு ஆர்டர். ரிப்போர்ட் வரலன்னாத்தான் நான் சிரம்பான்ல நிக்க முடியும்."

"பஸ்ஸு?"

"மெயின் ரோட்டோட நின்னுடும். அங்கேர்ந்து லயத்துக்கு அந்தக் கால இழுத்துக்கிட்டு நடக்கணும்."

பஞ்சாலை மெதுவாகக் கேட்டாள். "சேவுகன் சாருக்கு இது தெரியுமா?"

"தெரியுமாவா! ஒரு வாட்டி ரிப்போர்ட் சீக்கிரமா வந்து, நான் அவங்கள விட்டுட்டுப் போயிட்டேன். அந்தம்மா நடந்தே வந்து காய்ச்சல்ல விழுந்துட்டாங்க. சார்கிட்ட சொல்லி அழுதேன். அடுத்த வாரத்துலேர்ந்து கம்ப்யூட்டர் மெதுவாயிருச்சு."

பஞ்சாலைக்கு முகம் சுட்டது. வெட்கமாக இருந்தது. கையிலிருந்த ரிப்போர்ட்டைச் சுக்கலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"தப்பா அடிச்சிருச்சுண்ணே. மத்தியானம் வாங்க."

எடுத்த வரியை எடுத்த இடத்திலேயே திரும்ப எழுதி ரிப்போர்ட்டை ஓட விட்டாள். நிமிர்ந்தபோது சேவுகன் கதவருகே நின்றிருந்தார். எப்போது வந்தாரோ தெரியவில்லை. அவர் தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மெய்யப்பனே அறைக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா, ஆச்சா?"

"மாசக் கடைசி ரிப்போர்ட் நாள் பூரா ஓடுமே சார், இப்ப சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிஞ்சிருது. பாருங்க."

அவர் தாள்களைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "பலே! இதத்தான் கோலாலம்பூர் ஆபீஸ்ல கேட்டுத் தொளைக்கிறாங்க. வேலை ஒனக்குத்தான், போ. ஆமா, அந்தப் புக்கிட் பெலண்டோக் என்னாச்சு?"

"அது மட்டும் எனக்குப் புடிபடல சார்."

"சேவுகனக் கேட்டியா?"

மேஜையில் குனிந்திருந்த சேவுகனை ஒரு தரம் பார்த்துவிட்டு, பஞ்சாலை தெளிவாகச் சொன்னாள்.

"கேட்டேன் சார். பாவம், அவருக்கும் தெரியலையாம்."