வரதராஜப் பெருமாள், சின்ன காஞ்சிபுரம்

இன்ஸ்பெக்டர் மயில்வாகனம் தபால் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். ஒரு கார்டை எடுத்து முகவரியைப் படித்தார். இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதே முகவரி.

வரதராஜப் பெருமாள், சின்ன காஞ்சிபுரம்.

"இன்னாய்யா இது, கண்ணாயிரம்?"

முசரவாக்கம் கிளைத் தபாலாபீசுக்கு நான்தான் போஸ்ட்மாஸ்டர். தபால் இலாகாவுக்கு ஏக நஷ்டமாம். செலவுக்கேற்ற வருமானம் இல்லாத கிராமத்து ஆபீஸ்களை மூடச்சொல்லி சர்க்கார் ஆர்டர் போட்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் இவர் வந்திருக்கிறார். மூடினால் என் சம்பளம் போச்சு. பட்டாளத்துப் பிள்ளைகள் அனுப்பும் மணியார்டருக்கு ஊரே வெயிலில் காஞ்சிபுரம் நடக்க வேண்டும்.

கார்டு வாங்கிப் போடுங்கள் என்று வீடுவீடாகக் கெஞ்சினேன். யாருக்குப் போடுவார்கள், பாவம்? பெண்ணைப் பக்கத்து ஓரிக்கையில் கொடுத்திருப்பார்கள். பையன் சின்ன காஞ்சிபுரத்தில் தறியில் இருப்பான். விஷயம் என்றால் நேரில் போய்ச் சண்டையே போட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

கோடி வீட்டுக் கிழவி ரேணுகாம்பாள்தான் முதலில் பெருமாளுக்கு எழுதினாள். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார். எருமை சினை பிடிக்க வேண்டும். மருமகளுக்கு வாய் குறைய வேண்டும். ரேணுகாம்பாள் மிரட்டியே இருந்தாள்: 'இந்த ஆபீச மூடிட்டா அப்புறம் உனக்கு எப்படிக் கடுதாசி போடறது? யோசிச்சிக்கோ.'

மனுஷர் சிரிக்கவில்லை. இதெல்லாம் செல்லாது என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

"ஒரு கார்டு குடுப்பா," என்றார்.

காசு கொடுத்து வாங்கினார். சுவர்ப்பக்கம் திரும்பி, கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். என்மேல் புகார்தான், வேறென்ன? கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

எழுதியதை எங்கள் பெட்டியிலேயே போட்டார். வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார்.

"எல்லாத்தயும் கணக்குல சேத்துக்கப்பா. என்னுதயும் சேத்து."

அப்பாடா! அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"நீங்களும் பெருமாளுக்கா சார்? உங்களுக்கு இன்னா சார் கொறை?"

அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த ஆர்டர்ல மொதப் பக்கம் உன் ஆபீஸு. ரெண்டாம் பக்கம், வேலைய விட்டு எடுக்கற ஆளுங்க. அதுல என் பேரு இருக்குதுப்பா."