வான்கோழிக்கு இலை வேண்டாம்

"டஃபி எங்கம்மா?" என்று மறுபடியும் கேட்டான் ஆர்லோ.

"கொட்டகையில தூங்கறான்டா செல்லம். வயசாச்சுல்ல, தூங்கட்டும்" என்றாள் லோர்னா. மகனின் முகத்தைப் பார்க்காமல் பசைப் புட்டியின் மூடியை அவசரமாகத் திருகினாள்.

டஃபியை நேற்று சாயங்காலத்திலிருந்து காணவில்லை. காது மந்தமான கிழட்டு நாய். வெர்மான்ட் மலைச்சரிவில் இருக்கும் இந்த வீட்டுக்கு, லோர்னாவின் புருஷன் எவரெட்டுக்கும் முந்தி வந்தது அது.

காலையில் எவரெட், இலை பொறுக்கிவரலாம் என்று மகள் ஜூனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பி வந்து அவளை இறக்கிவிட்டான். "நான் போய் டஃபியைத் தேடறேன். நீ பசங்களோட வீட்டுலயே இரு" என்று வாசலில் நின்று லோர்னாவின் காதோடு மட்டும் சொல்லிவிட்டுப் போனவன்தான், இன்னும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

குழந்தைகளுக்கு விஷயம் தெரியக்கூடாது. அதனால்தான் லோர்னா சமையலறை மேஜை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்து, கத்தரி, பசை, பெயிண்ட் எல்லாவற்றையும் பரப்பியிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் இலை உதிர்கிற சமயத்தில் காகிதப் பொம்மைகள் செய்வதுதான். முள்ளம்பன்றிக்கு முதுகில் இலை, ஆந்தைக்குப் பைன் மரக் காயில் உடம்பு.

ஜூன் கொண்டுவந்த கூடையின் அடியில் ஒரு கைப்பிடி மேப்பிள் இலைதான் கிடந்தது. எப்போதும் கூடை வழிய வழிய அள்ளிவருகிற பெண்.

"இவ்வளவுதானா?"

"போதும்மா. வெளிய ரொம்பக் குளிருது" என்றாள் ஜூன். அடுத்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போகப்போகிறாள். அதற்குள் பேச்சு பெரிய மனுஷி மாதிரி.

கீழே சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. லோர்னா ஜன்னலுக்கு ஓடினாள். சாலையோரப் புதரில் ஏதோ பழுப்பாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் காய்ந்த பெரணிச் செடி.

"அம்மா, இங்க வா. முள்ளம்பன்றிக்குக் கண்ணு வைக்கணும்."

"வைடி. உனக்குத்தான் தெரியுமே."

"நீதான் வைக்கணும்."

லோர்னா வந்து கறுப்புப் பொத்தானை ஒட்டினாள். அது மூக்கின்மேல் போய் உட்கார்ந்தது. ஆர்லோ விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், "டஃபிக்குக் காட்டிட்டு வரட்டுமா?" என்று எழுந்தான்.

லோர்னா வாயைத் திறப்பதற்குள் ஜூன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"வேணாம்டா. தூங்கறவங்களை எழுப்பக்கூடாது."

நல்லவேளை, இவளாவது நம்பிவிட்டாள் என்று லோர்னா மூச்சு விட்டாள். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. எங்கேயாவது பள்ளத்தில் விழுந்து கிடக்கிறதோ? கூப்பிட்டாலும் கேட்காதே அதற்கு.

"அம்மா, இலை தீந்துபோச்சு" என்றான் ஆர்லோ.

இதற்காகவே காத்திருந்தவள்போல லோர்னா கோட்டை எடுத்தாள். கொட்டகைக்குப் பின்னால் ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடலாம். "நாலு இலை பொறுக்கிட்டு ஓடி வந்துடறேன்."

ஜூன் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். "இலை வேணாம்மா. வான்கோழி பண்ணலாம். வான்கோழிக்கு இலை வேணாம், கை இருந்தாப் போதும்."

"அஞ்சே நிமிஷம்டி."

"நீ போனா இவன் பசையைத் தின்னுடுவான்."

திரும்பிப் பார்த்தால் ஆர்லோ ஏற்கெனவே விரலை நக்கிக்கொண்டிருந்தான். லோர்னா கோட்டை நாற்காலிமேல் வீசினாள்.

ஜூனின் உள்ளங்கையில் பழுப்புப் பெயிண்டைத் தடவினாள். "ஏன்டி கை இப்படி ஐஸா இருக்கு?"

"பெயிண்ட்தான் சில்லுன்னு இருக்கு."

காகிதத்தில் கையை அழுத்தி எடுத்ததும் விரல்கள் வாலாயின, கட்டைவிரல் தலையாயிற்று. ஒன்று முடிந்தது. ஜூன் இன்னொன்று கேட்டாள். பிறகு அப்பா வான்கோழி, அம்மா வான்கோழி, குட்டி வான்கோழி. லோர்னாவின் கண் ஜன்னலுக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சின்னக் கை அவள் முகவாயைத் தொட்டுத் திருப்பியது.

"போதும் நிறுத்துடி!" என்று கத்திவிட்டாள் லோர்னா. "ஒரு நிமிஷம் என்னை எழுந்திருக்க விடறியா? என்ன பிடிவாதம் இது!"

ஜூனின் உதடு துடித்தது. லேசாக அதட்டினாலே ஊரைக் கூட்டுகிறவள், இன்று உதட்டைக் கடித்துக்கொண்டு பெயிண்ட் தட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா."

லோர்னாவுக்கு வெட்கமாக இருந்தது. பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள்.

அப்போது பின்கதவு திறந்தது. எவரெட் நிலைப்படியிலேயே நின்றான். முழங்கால் வரை ஈரமண். கையில் டஃபியின் சிவப்புக் கழுத்துப்பட்டை. கண்கள் சிவந்திருந்தன.

லோர்னாவின் கையிலிருந்த பிரஷ் நழுவியது. வந்த அழுகையை அடக்கிக்கொண்டாள். குழந்தைகள் இருக்கிறார்கள். "அதை மறைச்சு வை. பசங்களுக்குத் தெரியவேணாம்" என்று சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

அதற்குள் ஜூன் நாற்காலியிலிருந்து குதித்து ஓடினாள். பெயிண்ட் காயாத கையோடு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, நீ சொன்ன மாதிரியே அம்மாவை வெளிய விடல. இப்ப நான் அழலாமா?"