சொந்தம் தேடிப் போன புரதம்

ஆய்வகக் குளிர்பெட்டியில் ஒரு சிறு குப்பிக்குள் புரதம் ஒன்று இருந்தது. அதை உண்டாக்கியவை, மனித மரபணு செலுத்தப்பட்ட பாக்டீரியாக்கள். ஆனால் குப்பியின் மேல் 'மனிதப் புரதம்' என்று ஒட்டியிருந்ததால், பக்கத்துக் குப்பியிலிருந்த உப்புநீரிடம்கூட அது மரியாதையை எதிர்பார்த்தது.

"உங்களைப் பெற்றவர்கள் எங்கே?" என்று உப்புநீர் கேட்டது.

"பாக்டீரியாக்களையா கேட்கிறாய்? அவற்றை உடைத்துத்தான் என்னை எடுத்தார்கள். அவை வெறும் வேலைக்காரர்கள். என் சொந்தக்காரர்கள் மனித செல்கள்."

"அவர்களிடம் உங்களுக்கு என்ன வேலை?"

"தெரியாது. சொந்தத்தைப் பார்க்கப் போக வேலை வேண்டுமா என்ன?"

மறுநாள் காலை ஆய்வாளர் ஜெசிந்தா புரதத்தை எடுத்து, மனித செல்கள் வளரும் தட்டில் விட்டாள்.

"வாங்க, வாங்க. பார்த்ததுமே நம்ம ஆள்னு தெரியுது" என்று செல்கள் அதைக் கட்டிக்கொண்டன. கட்டிக்கொண்ட செல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிச் செத்தன.

"என்ன சேதி கொண்டுவந்தீங்க?" என்று கடைசி செல் மெதுவாகக் கேட்டது.

"சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்றது புரதம். அது சொல்லி முடிப்பதற்குள் அந்தச் செல்லும் செத்துப்போனது.

மனித உடலில் செல்களுக்குச் சாவுச் சேதி சொல்வதுதான் அந்தப் புரதத்தின் வேலை. நுண்ணோக்கியில் பார்த்த ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது.

"சந்தேகமே இல்லை. இது அசல் மனிதப் புரதம்தான்" என்றாள்.