பதின்மூன்றாவது மின்னஞ்சல்

நூலகர் உள்ளே வந்ததும் அறைக்கதவைத் தாழிட்டார். நேராக மேசைக்கு வந்து, விரிவுரையாளரின் கையிலிருந்த பேனாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"கையெழுத்துப் போடாதீங்க. இந்த இதழ் பேரை நான் கேள்விப்பட்டதே இல்ல."

அவளுக்குத் திக்கென்றது. மேசைமேல் இருந்தது ஒரே ஒரு படிவம். அவளுடைய ஆய்வுக் கட்டுரையின் முழு உரிமையையும் ஓர் ஆய்விதழுக்கு எழுதிக் கொடுக்கும் படிவம். நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை ஆகியிருந்தது.

"மேடம், நான் சீலுக்குத்தான் வந்தேன். இது நல்ல இதழ்னு லைப்ரரி முத்திரை இருந்தாப் போதும். வெள்ளிக்கிழமை எனக்கு இன்டர்வியூ. கட்டுரையை ஏத்துக்கிட்டாங்கன்னு காட்டலேன்னா, நிரந்தர வேலை கைவிட்டுப் போயிடும்."

நூலகர் முத்திரையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

துறையில் கூட வேலை பார்க்கும் தோழி காலையில் காதோடு சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. 'பாத்து நடந்துக்கோ. அந்த லைப்ரரி அம்மாவோட தங்கச்சி பொண்ணும் இதே வேலைக்கு மனு போட்டிருக்கா.' இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஐந்து மாதமே ஆன அவளுக்கு, யார் எப்படிப்பட்டவர் என்று இன்னும் பிடிபடவில்லை.

நூலகர் கட்டுரையைப் புரட்டினார். கல் அறுக்கும் பட்டறைகளின் தூசு பற்றியது. பதினோரு வருடம், நாற்பத்து மூன்று தொழிலாளர்களின் மூச்சை அளந்து எழுதியது. அவர்களில் ஒன்பது பேர் இப்போது உயிரோடு இல்லை. தூசுக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று பட்டறை முதலாளிகள் சாதித்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாள்ல ஏத்துக்கிட்டாங்க?"

"மூணே நாள்."

"திருத்தம் ஏதாவது?"

"ஒரு கமாகூட மாத்தச் சொல்லல." கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

"இதழுக்கு ஆசிரியர் யாரு?"

அவள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். நரைத்த தாடியோடு ஒரு முகம். நுரையீரல் நோய்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைத்தான் அவள் கல்லூரியில் பாடமாகப் படித்தாள். வகுப்பில் எல்லோருக்கும் அவர் 'பெரிய டாக்டர்'; அதற்கு மேல் அவரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது.

நூலகரின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றுவிட்டன. வெகுநேரம் அவர் கண் கொட்டவில்லை.

"இவர் உங்ககிட்ட பேசினாரா?"

"இல்ல, மெயில்தான். இதுவரைக்கும் பன்னெண்டு வந்திருக்கு. 'மகளே'ன்னுதான் ஆரம்பிப்பார். சாப்பிட்டியா, தூங்கினியான்னு விசாரிப்பார்."

"விசாரிக்க மாட்டார்."

"என்னது?"

"அவர் அப்படிக் கேக்கற ஆளே இல்ல." நூலகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏத்துக்கிட்டோம்னு அனுப்பின லெட்டரைக் காட்டுங்க."

கடிதத்தின் அடியிலிருந்த கையெழுத்தை அவர் பெரிதாக்கினார். திரை முழுவதும் நிறையும்வரை பெரிதாக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கையெழுத்து அவரோடதுதான். அவர் புத்தகத்தோட முன்னுரையில அச்சாகியிருக்கற அதே கையெழுத்து."

"அப்புறம் என்ன மேடம்? சீலைக் குடுங்க!"

"படிச்சுக்கூடப் பாக்காம ஏத்துக்கற போலி இதழ் இது. இந்த ஃபாரத்தைக் குடுத்துட்டா, இந்தக் கட்டுரையை வேற எங்கயும் போட முடியாது. ஒன்பது பேரோட சாவு குப்பைக்குப் போயிடும். உங்க ஆராய்ச்சிக்கு ஏத்த இதழ் மூணு எனக்குத் தெரியும். நானே கூட உக்காந்து அனுப்பி வைக்கறேன். கேள்வியா கேட்டுக் குடைஞ்சு எடுப்பாங்க. ஆறு மாசம் இழுக்கும். ஆனா வெளிய வந்ததுன்னா எந்த முதலாளியாலயும் அதைத் தள்ளிவிட முடியாது."

"ஆறு மாசம்! வெள்ளிக்கிழமை நான் வெறுங்கையோட போய் நிக்கணும். உங்க தங்கச்சி பொண்ணு உள்ள போயிடுவா. அதுக்குத்தானே என் வயித்துல அடிக்கறீங்க?"

நூலகர் முகம் வெளிறியது.

"அவளும் மனு போட்டிருக்கா. இல்லேன்னு சொல்லல," என்றார்.

தாழிட்ட கதவுக்கு வெளியே யாரோ நடந்து போகும் ஓசை கேட்டுத் தேய்ந்தது. கத்தினால் யாருக்காவது கேட்குமா என்றுகூட அவள் ஒரு கணம் யோசித்தாள்.

அப்போது அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. பதின்மூன்றாவது மின்னஞ்சல்.

'மகளே, ஏன் தாமதம்? நூலகத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. உன் படிவத்துக்காக இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.'

முத்திரைக்காக நூலகம் போவதாகக் காலையில் அவள்தான் அவருக்கு எழுதியிருந்தாள். கைப்பேசியை நூலகரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க! எனக்காக அந்தப் பெரிய மனுஷன் உக்காந்துட்டிருக்கார். நீங்க கதவைச் சாத்தி வச்சு மிரட்டறீங்க. சீல் வேண்டாம், நான் அனுப்பிக்கறேன்."

நாலு மணிக்கு இன்னும் நாலு நிமிடம். கைப்பையைக் கவிழ்த்து வேறொரு பேனாவை எடுத்தாள். அதன் முனை படிவத்தில் பட்டது.

நூலகர் தாவி அவள் கையை அழுத்திப் பிடித்தார்.

"அவர் என் வீட்டுக்காரர்ம்மா. செத்து எட்டு வருஷமாச்சு."