பனியைப் பிடிக்க வந்தவர்

"யாரைக் கேட்டு எங்க தெருவைப் படம் பிடிச்சுகினு கீறே?"

தெருக்காரன் சின்னப்பையன் விட்ட உதையில் கேமரா நின்ற முக்காலியின் ஒரு கால் முறிந்தது. சாய்ந்த கேமராவைப் போட்டோக்காரர் உலகநாதன் தாவி மார்போடு அணைத்துக்கொண்டார்.

அம்பத்தூர் ஏரியிலிருந்து எழுந்த மார்கழிப் பனி இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. கூரைகள் சுவர் இல்லாமல் மிதந்தன. பஜனைக் கோஷ்டியின் ஜால்ரா மட்டும் கேட்டது, ஆட்கள் தெரியவில்லை.

"நாயைப் படம் பிடிச்சான். அப்பால கோலத்தை. அப்பால வைக்கோல் வண்டியை. நெலத்தை அளந்து எடுத்துக்க வெள்ளைக்காரன் அனுப்பின ஆளுதான்!" என்றது ஒரு குரல்.

"நெலம் கெடக்குது, போங்கடா!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் முனியம்மா. கையில் கஞ்சிச் சொம்பு. "ஏன்யா, விடிஞ்சும் விடியாததுமா இந்தப் பொட்டியைத் தூக்கிகினு வந்துட்டியே, உனக்குப் புத்தி கீதா? அந்த ஊட்ல தாட்சாயிணி மூணு வாரமா விஷ ஜுரத்துல கெடக்குறா. இன்னிக்கு விடிகாலையிலதான் கண்ணையே தொறந்தா. தொறந்த கண்ணு, ஜன்னல் வழியா உன்னைப் பார்த்துடுச்சே!"

உலகநாதன் தலைகுனிந்தார். அவருக்குத் தெரியும். உயிரோடு இருப்பவரைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம் அது. ஒருவர் இறந்த பிறகுதான், குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். போட்டோக்காரர் ஒரு தெருவுக்குள் வந்தால், எந்த வீட்டில் சாவு என்றுதான் கேட்பார்கள்.

"'என்னைப் படம் பிடிக்க வந்துட்டாங்கக்கா'ன்னு சொவுரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துகினா. இந்தக் கஞ்சி உள்ளே போனாதான் பொழைப்பான்னு இப்ப வந்து பார்த்த வைத்தியர் சொல்லிகீறார். வாயையே தொறக்க மாட்டேங்கறா." முனியம்மா கஞ்சிச் சொம்பைத் தூக்கிக் காட்டினாள்.

அப்போது அந்த வீட்டு வாசலில் தாட்சாயிணியின் புருஷன் திருவேங்கடம் வந்து நின்றான். கேமராவைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் உலகநாதன் ஜன்னல் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "மன்னிக்கணும் ஐயா! நான் உங்க ஊட்டுக்கு வரல. யார் ஊட்டுக்கும் வரல. இந்த ஏரிப் பனி ரொம்ப அழகுன்னு பெரம்பூர்ல சொன்னாங்க. பனியைப் பிடிக்க வந்தேன்."

கூட்டம் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்தது.

"பனியைப் பிடிக்கவா? முழுப் பைத்தியம்டா! இதையா ஒதைச்சே சின்னப்பையா?"

"பைத்தியந்தான்," என்றார் உலகநாதன். "உசிரோட கீறவங்களையும் பிடிப்பேன். ஒண்ணும் ஆவாது. யாராச்சும் வாங்களேன்!"

சிரிப்பு நின்றது. எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

முனியம்மா ஜன்னலைப் பார்த்தாள். சொம்பைத் தரையில் வைத்தாள். ஐந்து பிள்ளைகளைப் பெற்றவள். கடைசிக் குழந்தைக்கு இன்னும் பால்குடி மறக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் வந்து நின்றாள்.

"எட்றா என்னை! ஆயுசு போனா என்னுது போவட்டும். அந்தப் பொண்ணு பார்க்கட்டும்."

"அக்கா, வாணாங்க்கா..." என்றான் சின்னப்பையன்.

"நீ வாயை மூடிகினு அந்த ஒடைஞ்ச காலைப் பிடி!"

சின்னப்பையன் மண்டியிட்டு முக்காலியைத் தாங்கிப் பிடித்தான். உலகநாதன் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். கேமராவின் கண்ணாடியில் தெரு தலைகீழாகத் தொங்கியது. கூரைகள் கீழே, கோலம் மேலே. வெள்ளைப் பனிக்குள், குளத்தில் விழுந்த நிழல்போல் முனியம்மா அசையாமல் நின்றாள். அவள் உதடுகள் மட்டும் ஏதோ சாமி பேரை முணுமுணுத்தன. துணிக்குள் இருந்தபடி உலகநாதனும் முருகனைக் கும்பிட்டுக்கொண்டார்.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"முனிம்மாக்கா... மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்சாப்பல வெச்சுக்கோயேன்."

தெருவே திரும்பிப் பார்த்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, எலும்பும் தோலுமாக, தாட்சாயிணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

முனியம்மா படத்துக்கு நிற்பதையும் மறந்து, சொம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பனி விலகி வெயில் வந்த நேரத்தில், அம்பத்தூர் ஸ்டேஷனில் உலகநாதன் முறிந்த முக்காலியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருவேங்கடம் மூச்சிரைக்க ஓடி வந்தான். இலையில் சுற்றிய சூடான இட்லியை அவர் கையில் வைத்தான்.

"பாதிச் சொம்பு கஞ்சி குடிச்சிட்டா சாமி. 'அந்தப் பனிக்காரர் எங்கே'ன்னு கேட்டுச் சிரிக்கிறா."

"முருகன் காப்பாத்தினான். இதைச் சொல்லவா இவ்ளோ தூரம் ஓடி வந்தீங்க?"

திருவேங்கடம் அவர் காலடியில் உட்கார்ந்து விம்மினான்.

"நேத்து வைத்தியர் கைவிரிச்சதும், 'காலையில வந்து என் பொஞ்சாதியைப் படம் எடுக்கணும்'னு உங்களுக்கு ஆளனுப்பினவன் நான்தான் சாமி, அவ கண்ணைத் தொறந்த சந்தோஷத்துல, வரவேணாம்னு சொல்லியனுப்ப மறந்துட்டேன்!"