சீதன வீட்டுத் தரை

"இதுவும் வேண்டாம் அண்ணை."

மூன்றாவது மாபிளையும் கையால் ஒதுக்கி வைத்தார் இராசமலர்.

தயாபரனின் முகம் சுருங்கியது. மகள் யதுர்ஷிகாவுக்குச் சீதனமாக வட்டக்கச்சியில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் தரை ஒன்றுதான் மிச்சம். மாப்பிள்ளை சுஜிதனின் தாயார் இராசமலர் பார்க்க வருகிறார் என்றதும், கிளிநொச்சிக் கடையொன்றில் கெஞ்சி, மாதிரிக்குச் சில துண்டுகள் வாங்கிவந்து விறாந்தையில் பரப்பியிருந்தார்.

மாபிள் என்று ஊரார் சொல்லும் தரை ஓடு பதிக்காத சீதன வீடு இப்போது அந்தப் பக்கத்தில் கிடையாது. பதித்துத் தருவதாகக் கலியாணத் தரகரிடம் அவரும் வாய்விட்டு ஒப்புக்கொண்டிருந்தார். கையிலோ ஒன்றுமில்லை. இருந்த ஒரே வழி, இருசில்லு உழவு இயந்திரத்தை விற்பது. அதை விற்றால் தம் வயலையே பிறரைக் கொண்டு உழுவிக்க வேண்டும். ஊரார் வயல்களை உழுது பிழைத்த பிழைப்பும் போய்விடும். பளையிலிருந்து வந்த ஒருவர் அந்த நேரத்திலும் முற்றத்தில் நின்று அதை இயக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டோவில் வந்து இறங்கியபோதே இராசமலர் அதைக் கண்டு, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். பழசாகிவிட்டது, வேறு வாங்கப் போகிறோம் என்று தயாபரன் சமாளித்திருந்தார்.

வெள்ளை, சாம்பல், மரத்தின் வரி போட்டது என்று மூன்றிலும் இராசமலர் வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்தாயிற்று. மூன்றுக்கும் ஒரே குறைதான் சொன்னார்.

"குளிருது அண்ணை. எனக்கு முழங்கால் உளைவு. மகன் வீட்டுக்கு வந்து நாலு நாள் நிக்கிறதெண்டாலும் இதிலை நடக்க ஏலாது."

தயாபரனின் மனைவி கமலாசனிக்குப் பொறுக்கவில்லை. கணவர் கண்ணைக் காட்டியதையும் கவனியாமல், அப்படியென்றால் முதிரைப் பலகை அடித்துத் தருகிறோம், வெளிநாட்டில் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்களாம் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு எதை விற்பது என்று தயாபரன் திகைத்து நின்றார்.

"பலகையோ?" இராசமலர் சிரித்தார். "கறையானுக்கோ சீதனம் குடுக்கப் போறியள்? வெறும் சீமெந்துத் தரை போடுங்கோ, போதும். வழுவழுவெண்டு இழுத்துவிட்டால் சரி."

தேநீரைக் குடித்துவிட்டு அவர் வந்த ஓட்டோவிலேயே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் கமலாசனி வெடித்தார். ஊரெல்லாம் மாபிள் போட்டுக் கொடுக்க, தங்கள் பிள்ளைக்கு மட்டும் வெறுந்தரையா? நாளைக்கு அதையே குறையாகச் சொல்லமாட்டார்களா?

"கலியாணத்துக்கு முதலே வீட்டை ஆளத் துவங்கிட்டா. எங்கடை பிள்ளை என்ன பாடு படப் போகுதோ?"

தயாபரனுக்கும் மானக்குறைவாகத்தான் இருந்தது. ஆனால், பளைக்காரரிடம் மெசினை விற்கவில்லை என்று சொல்லி அனுப்பியபோது, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை நெல்லை இறக்கி வைத்தது போலவும் இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கப்பட்டார்.

மேசன் செல்வராசா மூன்று நாட்களில் தரையை இழுத்து முடித்தார். வெடிக்காமல் இறுகவேண்டும் என்று, வாசல்களில் களிமண்ணால் வரம்பு கட்டி, ஏழு நாட்கள் வீடு முழுவதும் தண்ணீரை நிறுத்தி வைத்தார். வழியில் போனவர்கள் எட்டிப் பார்த்து, உள்ளே என்ன நெல் விதைக்கப் போகிறாய் என்று தயாபரனைக் கிண்டலடித்தார்கள். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் உளைவாம் என்று அவரும் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்.

கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன், அழைப்பிதழோடு கணவனும் மனைவியும் முரசுமோட்டைக்குப் போனார்கள். பெண் பார்த்தது கோயிலில் என்பதால், மாப்பிள்ளை வீட்டுக்கு அவர்கள் போவது அதுவே முதல் தடவை. போகும் வழியில் கமலாசனி மருந்துக்கடையில் ஓட்டோவை நிறுத்தி, நோவெண்ணெய் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டார். முகத்துக்கு நேரே நீட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்த தயாபரனின் பாதம் சில்லிட்டது. விறாந்தை முதல் குசினி வரை ஒரே வெள்ளை மாபிள்.

கூடத்தின் நடுவே, பாய்கூட இல்லாமல், கையைத் தலைக்கு வைத்து இராசமலர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஆள் அரவம் கேட்டுப் பதறி எழுந்து, அவர்களைக் கண்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டு கதிரைகளை இழுத்துப் போட்டார்.

"முழங்கால் உளைவு இப்ப எப்பிடி அக்கா?" என்று கேட்டபடி கமலாசனி போத்தலை நீட்டினார்.

பின்வாசலால் வந்த இராசமலரின் கணவர் சுதாகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஆருக்கு உளைவு? இவாவுக்கோ? மாபிள் பதிச்ச நாள் துவங்கிக் கட்டிலையே மறந்து இதிலைதான் படுக்கை. பாய் விரிச்சாலும் சுருட்டி எறிஞ்சு போடுவா. வீட்டிலை எங்களுக்குத்தான் தடுமல்."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தயாபரன் இராசமலரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. நான் ஒண்டும் பொய் சொல்லேல்லை" என்றார் மெதுவாக. "உங்கடை உழவு மெசினை வித்துப் பதிச்ச மாபிளிலை நடந்திருந்தால், எனக்குக் கால் உளைஞ்சுதான் இருக்கும்."