மாற்ற வேண்டும்

"ஹீட்டர் கம்பெனியிலேர்ந்துதானே வர்றீங்க? வாங்க வாங்க, காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

கதவைத் திறந்தவள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளில் விலாசத்தை இன்னொரு முறை படித்தான். சரியான விலாசம்தான்.

"கம்ப்ளைன்ட் குடுத்தது... நீங்களா?"

"நானேதான். ஏன், நான் குடுத்தா எடுத்துக்க மாட்டீங்களா?"

"எடுத்துக்குவோம், மேடம்."

அந்த 'மேடம்' வெளியே வருவதற்குள் அவன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

குளியலறையில் ஸ்டூல் தயாராக இருந்தது. ஏறி நின்று, ஹீட்டரின் அடிமூடியைக் கழற்றினான். படிவத்தை எடுத்தான். வாடிக்கையாளரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும், தானாக எதையும் நிரப்பக் கூடாது என்பது கம்பெனி விதி.

"வயசு என்ன?"

"எனக்கா?"

"ஹீட்டருக்கு."

"பன்னிரண்டு."

"தண்ணி கலங்கலா வருதா?"

"டீ மாதிரி வருது. சர்க்கரை போட்டா குடிச்சிடலாம்."

"சத்தம்?"

"உள்ளே யாரோ கல்லு உருட்டற மாதிரி."

"இதுக்கு முன்னாடி ரிப்பேர் ஏதாவது...?"

"காயில் ரெண்டு தடவை, தெர்மோஸ்டாட் ஒரு தடவை. எல்லாம் எங்க வீட்டுக்காரர் கைவண்ணம். வெளியாள் தொட்டா அவருக்கு ஆகாது."

"வேலை தெரிஞ்சவரா இருப்பார்."

"அவருக்கும் அந்த நெனப்புதான்."

டார்ச் அடித்துப் பார்த்தான். டேங்கின் அடியில் வெள்ளைப் பசை அப்பியிருந்தது. அதையும் மீறித் துருநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதைப் பூசினவருக்கு அறிவு இருக்கா சார்?"

"இருக்கும் மேடம். நேரம் இருந்திருக்காது."

அவள் குரல் சட்டென்று இறங்கியது.

"மூணு வாரமா அடுப்புல தண்ணி வெச்சு, கொதிக்கக் கொதிக்க ஹாலைத் தாண்டித் தூக்கிட்டு வர்றேன். நேத்து குழந்தை தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கிச்சு. பாத்திரம் கையை விட்டுப் போகல. அவ்வளவுதான்."

மெக்கானிக் ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கினான்.

"இதை... அவர்கிட்ட சொல்லலியா?"

"சொல்ல வாயெடுத்தேன். 'இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓட்டலாம்'னு ஆரம்பிச்சுட்டார்."

அவன் பேனாவை எடுத்தான். படிவத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. 'பழுது பார்க்கலாம்', 'மாற்ற வேண்டும்'. ஒன்பது வருட வேலையில் அவன் ஒரு கட்டத்தையும் பொய்யாகக் குறித்ததில்லை. காயில் போனால் காயிலை மாற்றலாம். தெர்மோஸ்டாட் போனால் அதை மாற்றலாம். டேங்கே அரித்துக் கசிந்தால் ஹீட்டரையே மாற்றுவதைத் தவிர வழியில்லை. எத்தனையோ வீடுகளில் அவனே சொன்னதுதான். இருந்தும் பேனா முதல் கட்டத்தின் மேல் ஒரு கணம் தயங்கியது.

"என்ன சார், மத்த வீடுகள்லயும் இவ்வளவு யோசிப்பீங்களா?"

காது சிவந்தது. இரண்டாவது கட்டத்தைக் குறித்து, கீழே கையெழுத்தும் போட்டான்.

அவள் தாளை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்துவிட்டு அவனிடமே நீட்டினாள்.

"இதை எங்க வீட்டுக்காரர் கையில குடுத்துடுங்க. நான் சொன்னாத்தான் காதுல ஏறாது. கம்பெனி மெக்கானிக் கையெழுத்துன்னா மறுபேச்சு பேச மாட்டார்."

அவன் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

"குடுத்தாச்சுடி," என்றான். "சாயங்காலம் புதுசோட வர்றேன்."